வினாவும் விடையும் கேட்போரும்: காலை வானொலி நேர்காணல் பற்றிய ஒரு திறனாய்வு

தொல்காப்பியர் செய்யுளியலின் தொடக்கத்தே செய்யுளுறுப்புக்கள் 34-ஐத் தொகுத்துரைக்கின்றார். அவற்றுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்னும் ஐந்தும் ஒருங்கு வைத்து எண்ணத்தக்கன. சொல்லியவர் யார், கேட்டவர் யார், எவ்விடத்துச் சொல்லப்பட்டது, எப்பொழுது சொல்லப்பட்டது, என்ன பயன் கருதிச் சொல்லப்பட்டது என்னும் ஐந்து வினாக்களுக்கும் விடை தெரிந்தாலன்றி ஓர் அகப்பாட்டின் பொருள் முற்ற விளங்காது. இவ்வுறுப்புக்கள் செய்யுளை நோக்கி வகுக்கப்பட்டனவேனும், மக்கள் தம்முள் நிகழ்த்தும் பேச்சுவகை எதனையும் அளந்தறிதற்கு உதவும் கோல்களாம் என்பது இக்கட்டுரையின் அடிப்படை.

வானொலி தோன்றிய பின்னர்ப் பிறந்த பேச்சுவகைகளுள் செய்தி நேர்காணல் என்பது ஒன்று. ஆட்சிப் பொறுப்பில் உள்ள ஒருவரை அறையில் இருத்தியோ, தொலைபேசி வாயிலாக அழைத்தோ, நாட்டு நடப்புப் பற்றி வினவி, அவர் விடையைப் பலரும் அறியச் செய்தல் இதன் இயல்பு. நாடோறும் பல இலட்சம் மக்கள் செவிமடுக்கும் இப்பேச்சினை அரசியலார்க்கும் செய்தித் துறையார்க்கும் உரியதென ஒதுக்கி, இலக்கியத் திறனாய்வாளர் வாளா இருக்கின்றனர். சொல்லின் வன்மையும் மென்மையும், குறிப்பும் மறைப்பும் இத்துணை வெளிப்படையாகப் பொருதும் களம் பிறிதொன்று இல்லை. ஆதலின் இதனை ஆராய்தல் நம் கடமையே ஆம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது, பிரித்தானிய ஒலிபரப்புக் கழகமாகிய பி.பி.சி.யின் நான்காம் வானொலியில் நிகழும் 'டுடே' என்னும் காலைச் செய்தி நிகழ்ச்சி. 'இன்று' என்பது அப்பெயரின் பொருள். 1957 அக்டோபர் 28-இல் தொடங்கி இந்நாள்வரை நிகழ்ந்து வருவதாலும், அதன் வளர்ச்சியும் இடர்ப்பாடுகளும் பலரறிய நிகழ்ந்தமையாலும், இவ்வகைப் பேச்சின் இயல்பு முழுவதையும் அதன்கண் காணலாம்.

பிறநாட்டு மொழியிற் பிறந்த ஒரு பேச்சினைத் தமிழிலக்கணங் கொண்டு அளத்தல் பொருந்துமோ என ஐயுறுவார் உளர். அரிசுடாட்டில் வகுத்த நாடக இலக்கணங் கொண்டு சிலப்பதிகாரத்தை ஆராய்ந்த நாம், தொல்காப்பியரும் பவணந்தியாரும் வகுத்த வினாவிடை இலக்கணங் கொண்டு ஆங்கிலப் பேச்சினை ஆராய்தற்கு நாணவேண்டுவதில்லை. மேலும், அவ்விலக்கணம் சொல்லின் வடிவு பற்றி எழுந்ததன்று. வினவுவான் கருத்தும் விடுப்பான் கருத்தும் பற்றி எழுந்தது. கருத்து எம்மொழியார்க்கும் பொது.

1. நிகழ்ச்சியின் தோற்றமும் வளர்ச்சியும்

இற்றை நாளில் இந்நிகழ்ச்சியின் பெயரைக் கேட்ட அளவில் கடுவினா தொடுக்கும் நேர்காணலே ஆங்கில மக்கள் நினைவிற்கு வரும். தொடக்கத்தில் அஃது அங்ஙனம் இருந்திலது. 1955-இல், அந்நாளில் வானொலித் தயாரிப்பாளராக இருந்த இராபின் டே என்பார், நாட்டு நடப்பினை ஆராயும் காலை நிகழ்ச்சி ஒன்று வேண்டுமென முன்மொழிந்தார். ஆயின் இரண்டாண்டு கழித்துப் பிறந்த நிகழ்ச்சி, ஐசா பென்சி என்னும் அம்மையார் பெயரிட்டு உருவாக்கியது, எளிய பல்சுவைக் கோவையாகவே அமைந்தது. இருபது நிமிட அளவின இரண்டு பகுதிகள், செய்தியறிக்கைகளுக்கும் சமயவுரைக்கும் இடையே செருகப்பட்டன. 1958 முதல் அதனை நடத்திய சாக் டி மேனியோ என்பார் நேரத்தைப் பிழைபட அறிவிப்பதிற் பெயர் பெற்றவர். மக்கள் அப்பிழையையும் விரும்பிக் கேட்டனர்.

இம்மென்மைக்கு ஒரு காரணம் உண்டு. நாடாளுமன்றம் அடுத்த பதினான்கு நாட்களுள் ஆராயவிருக்கும் பொருள் பற்றி வானொலியில் உரையாடுதல் கூடாது என்னும் கட்டுப்பாடு இரண்டாம் உலகப்போர்க் காலத்திலிருந்து பி.பி.சி.யிற் கடைப்பிடிக்கப்பட்டு வந்தது. சூயசுக் கால்வாய்ப் பூசல் எழுந்த 1956-ஆம் ஆண்டின் இறுதியிலேதான் அது நிறுத்தி வைக்கப்பட்டது. எனவே, அமைச்சரை வானொலியில் வினவும் உரிமை இந்நிகழ்ச்சி பிறந்த காலத்தில் ஓராண்டே நிரம்பிய இளங்குழவியாக இருந்தது. அவ்வுரிமை வளர வளர நிகழ்ச்சியும் மாறியது. 1967-இல் உள்நாட்டு ஒலிபரப்பு நான்காம் வானொலி எனப் பெயர் மாறிற்று. 1970-களில் இருவர் சேர்ந்து நடத்தும் முறை நிலைபெற்றது. சான் டிம்சன், பிரையன் இரெட்கெட், பின்னர்ச் சூ மக்கிரெகர், சான் அம்ஃபிரிசு, சேம்சு நாட்டி முதலியோர் காலத்தில் நேர்காணலே நிகழ்ச்சியின் உயிர்நிலை ஆயிற்று.

2. களனும் காலமும்

இந்நேர்காணலின் களம் ஒரு சிறு அறை. ஒலிவாங்கி ஒன்றைத் தவிரக் காட்சிக்குரியது யாதும் ஆங்கில்லை. முகக்குறிப்பும் கைக்குறிப்பும் கேட்போர்க்குப் புலப்படா; மெய்ப்பாடு அனைத்தும் குரலின் வழியே வெளிப்படல் வேண்டும். விடையிறுப்பவர் சிறிது தயங்குவராயின் அத்தயக்கம் அறையில் இருப்பார்க்கு ஒரு நொடி. வானொலியிற் கேட்பார்க்கு அது பெரியதொரு வெளி. ஆகவே வானொலியில் மௌனமும் ஒரு கூற்றே ஆகின்றது.

காலம், வைகறை கழிந்த காலைப்பொழுது. திங்கள் முதல் வெள்ளி வரை 6 மணி முதல் 9 மணி வரையிலும், சனிக்கிழமை 7 மணி முதல் 9 மணி வரையிலும் நிகழ்ச்சி நடைபெறுகின்றது. கேட்போர் அடுக்களையிலும், குளியலறையிலும், ஊர்தியிலும் இருந்து, பிற தொழிலினூடே செவி கொடுப்பர். ஏழே முக்காலை ஒட்டி அறவுரைப் பகுதி ஒன்று வரும். எட்டுமணிச் செய்தியறிக்கை முடிந்ததும், 8 மணி 10 நிமிட அளவில், அந்நாளின் தலைமையான நேர்காணல் நிகழும். அவ்விடத்தை நிரப்புதல் அமைச்சர்க்குச் சிறப்பாகவும் இடராகவும் கருதப்பட்டு வருகின்றது.

காலத்தின் மற்றொரு கூறும் கருதத்தக்கது. மணிதோறும் ஒலிக்கும் கிரீனிச்சு நேரக் குறியொலியை எவரும் தள்ளிப்போட இயலாது. வினவுவோரும் விடையிறுப்போரும் அவ்வெல்லையை அறிவர். விடை சொல்ல விரும்பாதவர்க்குக் காலமே கேடயம். சில நிமிடங்களை நீண்ட சொற்றொடர்களால் நிரப்பிவிடின் வினா தானே மடிந்துவிடும். வினவுவோர் இடைமறித்தற்கு உண்மைக் காரணம் இதுவே. அதனை அவர்தம் சினமென்றோ செருக்கென்றோ மட்டும் கருதுவார் காலம் என்னும் உறுப்பினை நோக்காதவர் ஆவர்.

3. கேட்போர்

அகப்பாடல்களிற் சிறைப்புறம் என்றொரு நிலை உண்டு. தலைவன் வேலிக்கு அப்பால் வந்து நிற்கின்றான். தோழி அவன் வரவினை அறிந்தும் அறியாதாள் போலத் தலைவியை நோக்கிப் பேசுகின்றாள். சொல் தலைவிக்கு, பொருள் தலைவனுக்கு. வானொலி நேர்காணல் முழுவதும் சிறைப்புறக் கிளவியே. அமைச்சர் வினவுவோரின் பெயர் சொல்லி விளித்து அவரோடு உரையாடுவார் போல் உரையாடுகின்றார். ஆயின் அவர் கருதிய செவி அறைக்குள் இல்லை; வேலிக்கு அப்பால், வீடுதோறும் உள்ளது. வினவுவோரும் அவ்வாறே. அவர் வினாவிற்குரிய விடை பெரும்பாலும் அவர்க்கு முன்னரே தெரியும். தாம் அறிந்ததனைப் பிறர் அறியுமாறு வெளிப்படுத்தற்கே அவர் வினவுகின்றார்.

இவ்வொப்புமையில் ஒரு வேறுபாடும் உண்டு. அதுவே நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. சிறைப்புறத்து நின்ற தலைவன் வேண்டுமிடத்து வேலி கடந்து வந்து தானே பேசவல்லன். வானொலி கேட்போன் அங்ஙனம் வரமாட்டான். அமைச்சரின் விடை ஐயம் தருமாயின் அவன் குறுக்கிட்டு வினவ இயலாது. அவன் பொருட்டு வினவுதற்கே வேறொருவர் அறையில் அமர்த்தப்பட்டுள்ளார். தமிழில் 'கேள்' என்னும் வினை, செவியாற் கொள்ளுதலையும் வாயால் வினவுதலையும் ஒருங்கே உணர்த்தும். திருவள்ளுவர் 'கேள்வி' என அதிகாரம் வகுத்தது முதற்பொருள் பற்றி. நாம் இன்று 'கேள்வி கேட்டான்' என்பது இரண்டாம் பொருள் பற்றி. வானொலி நேர்காணலில் இவ்விருபொருளும் இருவரிடையே பகுக்கப்பட்டு நிற்கின்றன. செவியாற் கேட்பவன் ஒருவன். அவன் சார்பில் வாயாற் கேட்பவன் மற்றொருவன். வினவுவோரின் உரிமை கேட்போனிடமிருந்து இரவலாகப் பெற்ற உரிமை.

இதனை ஒப்புக்கொள்வோமாயின், நேர்காணலை மதிப்பிடுதற்குரிய அளவையும் தானே கிடைக்கும். வினா கடுமையாக இருந்ததா, மென்மையாக இருந்ததா என்பது முதன்மையன்று. விடை எவ்வகையது என்பதனைச் சிறைப்புறத்தான் தெளிந்து கொள்ளுமாறு அது நிகழ்ந்ததா என்பதே அளவை.

4. விடை வகை

செப்பு இருவகைப்படும் என்பர் உரையாசிரியர். நேரே விடையாவது செவ்வன் இறை. நேரே விடையாகாது விடையைத் தோற்றுவிப்பது இறை பயப்பது. நன்னூலார் விடையை எட்டாக விரித்து, சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றனை வெளிப்படை விடையாகவும், ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தனைக் குறிப்பு விடையாகவும் கொள்வர். இவ்வெட்டனுள் அடங்காத அரசியல் விடை அரிது.

ஒரு நிதியமைச்சரை நோக்கி, 'வரி உயருமோ?' என வினவுவதாகக் கொள்வோம். 'உயரும்' எனின் நேர். 'உயராது' எனின் மறை. இவை காலை வானொலியில் அரியன. 'கணக்கை நீரே பாரும்' என்பது ஏவல். 'முன்னை ஆட்சியார் உயர்த்தவில்லையோ?' என்பது வினாதல். 'கருவூலம் வறிதாகிக் கிடந்தது' என்பது உற்றதுரைத்தல். 'உயர்த்தாவிடின் கருவூலம் வறிதாகும்' என்பது உறுவது கூறல். 'செலவைக் குறைப்போம்' என்பது இனமொழி. நாடோறும் 8 மணி 10 நிமிடத்திற்குக் கேட்கப்படும் விடைகளை இவ்வாறு வகைப்படுத்திப் பார்க்கும் மாணவர், பிற்கூறிய ஐந்தன் பெருக்கத்தை விரைவில் உணர்வர்.

ஈண்டு ஒரு நுட்பம் கருதத்தக்கது. நன்னூலார் இவ்வைந்தனையும் வழுவெனத் தள்ளாது விடையென ஏற்றார். ஏற்றமைக்குக் காரணம், அவை விடையைக் குறிப்பாற் பயத்தலே. 'ஆடுவாயோ?' என்று வினவியவழி 'கால் நொந்தது' என்பான் 'ஆடேன்' என்பதனைக் கேட்போன் ஐயமின்றி உணர்ந்துகொள்வான் என்னும் துணிபு கொண்டு அங்ஙனம் கூறினான். குறிப்பு, சொல்லுவானுக்கும் கேட்பானுக்கும் இடையேயுள்ள நம்பிக்கையின் மேல் நிற்பது. அரசியல் விடையிலோ வடிவம் அதுவே, பயன் மாறிவிட்டது. 'கருவூலம் வறிதாகிக் கிடந்தது' எனும் அமைச்சர் வரி உயரும் என்றாரா, உயராது என்றாரா? இரண்டிற்கும் இடம் வைத்தார். இறை பயவாத இறை பயப்பது இது. குறிப்பின் ஆடையை உடுத்து வந்த மறைப்பு என இதனைச் சொல்லலாம்.

உரையாசிரியர்கள் செப்பு வழுவிற்குக் காட்டும் எடுத்துக்காட்டு யாவரும் அறிந்தது. கருவூருக்கு வழி கேட்டானுக்கு நூலின் அளவு கூறுதல் அது. அவ்விடையின் வழு வெளிப்படை, எவரும் ஏமாறார். அரசியல் விடையின் வழு நுண்ணியது. வினாவின் சொற்களையே எடுத்தாண்டு, வினாவின் பக்கத்தே நடந்து, வேறோர் ஊரிற் கொண்டுபோய் விடுவது அது. காலைத் தொழிலினூடே செவி கொடுப்பவன் வழி மாறியதை உணரான். உணர்த்துதல் வினவுவோரின் கடன்.

எட்டு வகையுள்ளும் அடங்காத விடை ஒன்றும் உண்டு. அது வினாவை விடுத்து வினவியோனைப் பற்றுவது. 1987-இல் நிதியமைச்சர் நைகல் லாசன், தம்மை வினவிய பிரையன் இரெட்கெட் வாழ்நாள் முழுதும் எதிர்க்கட்சியாகிய தொழிற்கட்சிக்கு ஆதரவாளர் எனக் குற்றஞ் சாட்டினார். இரெட்கெட், தாம் யார்க்கு வாக்களிப்பர் என்பதை அறிந்தார் போற் பேசியதற்கு வருந்துமாறு ஒரு நிமிடம் மௌனம் காப்போமா என மறுவினா விடுத்தார். இது நெடுங்காலம் பாராட்டப்பட்ட மறுமொழி. அதன் நகைச்சுவை மறுக்கற்பாலதன்று. எனினும் சிறைப்புறத்தானின் நிலையில் நின்று நோக்கின், அந்நொடியில் இருவரும் அவனை மறந்தனர் என்றே கூறல் வேண்டும். வினாப்பொருள் விலகிற்று, வினவியோரும் விடுத்தோருமே பொருளாயினர். நேர்காணல் இருவர் போராக மாறும் இடம் இது. போர் சுவையுடையது; ஆதலின் இடர் மிக்கது.

5. வினா வகையும் வினா வழுவும்

அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என வினாவும் அறுவகைப்படும். நேர்காணலில் வினவுவோர் உள்ளத்தளவில் அறிவினாவே வினவுகின்றார். ஆயின் கேட்போன் பொருட்டு அதனை அறியா வினாவின் வடிவிற் கூறுகின்றார். இவ்வேடம் நயமுடையது. அது கலையும் இடங்கள் இரண்டு. வினவுவோர் தம் அறிவைக் காட்ட விரும்பி வினாவை ஒரு சிறு சொற்பொழிவாக நீட்டுவராயின், கேட்போன் வினாவையும் இழந்து விடையையும் இழப்பான். வினாவினுள்ளேயே விடையை வைத்து, 'ஆம் எனச் சொல்லுக' என நெருக்குவராயின், அது வடிவால் வினாவாயினும் பொருளால் ஏவலே ஆகும்.

வினா வழுவிற்கு உரையாசிரியர் காட்டுவது, ஒரு விரலை மட்டும் காட்டி அது நெடிதோ குறிதோ எனக் கேட்டல். ஒப்பிடுதற்கு மற்றொரு விரல் இன்மையின் அதற்கு விடையில்லை. 'இக்கொள்கை வெற்றியா, தோல்வியா?' என அளவுகோல் காட்டாது வினவும் வினா இதனோடு ஒக்கும். இத்தகைய வினாவிற்கு அமைச்சர் நழுவி விடையிறுப்பாராயின், பிழை அவரதன்று.

1995-இல், அந்நாளைய அமைச்சருள் ஒருவராகிய சோனத்தன் எய்ட்கென், சான் அம்ஃபிரிசின் நேர்காணல் முறையை வெளிப்படையாகச் சாடினார். மக்களாட்சி உரையாடல் என்னும் கிணற்றில் நஞ்சு கலத்தல் அது என்னும் கருத்துப்படப் பேசினார். அம்ஃபிரிசை விரும்புவார், நழுவும் விடைக்கு அஃதன்றி வேறு மருந்தில்லை என்றனர். 1987 முதல் 2019 வரை அவர் நிகழ்ச்சியில் இருந்த காலமெல்லாம் இவ்வழக்கு ஓய்ந்திலது. இரு திறத்தாரும் வினாவின் கடுமையையே அளந்தனர். மேலே கண்ட அளவையால் நோக்கின் வழக்குத் தீர்தற்கு வழி பிறக்கும். விடை எட்டனுள் எவ்வகையது என்பது கேட்போனுக்குப் புலனாகும் முன்னர் இடைமறித்தல் குற்றம். அதனால் நழுவியவர் நழுவியது வெளிப்படாது, துன்புறுத்தப்பட்டவராகத் தோன்றி இரக்கம் பெறுவர். வகை புலனான பின்னும் இடைமறியாது விடுதல் மற்றொரு குற்றம். அதனால் காலம் கேடயமாகின்றது. வகை புலனாகும் அந்நொடியை அறிந்து, அவ்வினாவையே சொல் மாறாது மீண்டும் வினவுதலே இக்கலையின் திறம்.

'அறியேன்' என்னும் விடையைப் பற்றியும் இங்கு ஒன்று கூறல் வேண்டும். அமைச்சர் அனைத்தும் அறிந்தவராதல் இயலாது; வழக்குமன்றத்தில் உள்ளதனையும், முடிவு செய்யப்படாததனையும் பற்றி அவர் பேசாதிருத்தல் அறமும் ஆகலாம். 'அறியேன்', 'இப்பொழுது கூறுதற்கில்லை' என்பன செவ்வன் இறையே. இவற்றைக் கூறுவாரை எள்ளி நகையாடும் வினவுவோர், அடுத்த முறை அவரை இனமொழிக்குள் ஓட்டி விடுகின்றனர். நழுவும் விடையின் பெருக்கத்திற்கு அரசியலார் மட்டுமே பொறுப்பாளர் அல்லர்.

6. இரு நிகழ்ச்சிகள்

மேற்கூறிய கருத்துக்களை இரு நிகழ்ச்சிகளால் ஆராய்வோம். ஒன்றில் விடை பிழைத்தது. மற்றொன்றில் வினா வென்றது.

2003 மே 29 காலை 6 மணி 7 நிமிடத்திற்கு, அம்ஃபிரிசு தம் நிகழ்ச்சியின் செய்தியாளராகிய ஆண்டுரூ கில்லிகனை வினவினார். கில்லிகன் தம் இல்லத்திலிருந்தே, எழுதி வைத்துப் படியாது விடை கூறினார். ஈராக்கு பேரழிவுப் படைக்கலங்களை 45 நிமிடங்களுள் ஆயத்தம் செய்ய வல்லது என்னும் கூற்று, 2002 செப்டம்பரில் அரசு வெளியிட்ட ஆவணத்தில் இடம்பெற்றிருந்தது. அது பிழையென அரசு அறிந்திருக்கக் கூடும் என்றும், அறிந்தே சேர்த்தது என்றும் பொருள்படக் கில்லிகன் கூறினார். பின்னர் ஒலித்த எழுதிய உரையில் இக்கடுமை இல்லை. இடையே இருந்த வேறுபாடு சில சொற்களே. அச்சொற்களிலிருந்து அரசுக்கும் பி.பி.சி.க்கும் இடையே பெரும்பூசல் எழுந்தது. செய்திக்கு மூலமாக இருந்தவர் எனப் பெயர் வெளிப்பட்ட படைக்கல அறிஞர் தாவீது கெல்லி அவ்வாண்டு சூலையில் உயிர் நீத்தார். 2004 சனவரி 28-இல் வெளிவந்த அட்டன் பிரபுவின் அறிக்கை, குற்றச்சாட்டு அடிப்படையற்றது எனவும், பி.பி.சி.யின் ஆசிரிய மேற்பார்வை குறைபாடுடையது எனவும் கண்டது. ஆட்சிக்குழுத் தலைவரும், தலைமை இயக்குநரும், செய்தியாளரும் அடுத்தடுத்துப் பதவி துறந்தனர். அவ்வாண்டு சூலையில் வெளிவந்த பட்லர் பிரபுவின் அறிக்கை, 45 நிமிடக் கூற்று எவ்வகைப் படைக்கலத்தைக் குறித்தது என விளக்காது ஆவணத்திற் சேர்க்கப்பட்டிருத்தல் கூடாது என்றது.

இவ்வரலாற்றின் அரசியற்கூறு பலராலும் ஆராயப்பட்டது. சொல்லாராய்ச்சி பற்றிய கூறு ஒன்று எஞ்சி நிற்கின்றது. செய்தியாளரைச் செய்தியாளரே வினவும் இம்முறையில் சிறைப்புறத்தானின் பொருட்டு ஐயுறுவார் ஒருவரும் இல்லை. வினவுவோரும் விடுப்போரும் ஓரில்லத்தார். வினா, விடையைச் சோதிக்கும் கருவியாகாது, விடையை வரவேற்கும் வாயிலாகின்றது. வாய்மொழி விரைவில் ஓடுவது. எழுத்து நின்று நிதானிப்பது. எழுத்தின் நிறையுடைய குற்றச்சாட்டை வாய்மொழியின் விரைவில் ஏற்றியமையே ஈண்டு நேர்ந்த வழு. பின்னர் பி.பி.சி. அமைத்த நீல் குழுவும், கடுமையான குற்றச்சாட்டுக்களை இத்தகைய நேரடி உரையாடலில் முதன்முதல் வெளியிடுதல் பொதுவாகத் தகாது என்றே அறிவுறுத்தியது.

மற்றொன்று 2012 நவம்பர் 10 நிகழ்ந்தது. பி.பி.சி.யின் தொலைக்காட்சிச் செய்தி நிகழ்ச்சி ஒன்று, நவம்பர் 2-இல், குற்றமற்ற ஒருவர்மீது கொடும்பழி விழுமாறு ஒரு படத்தை ஒளிபரப்பியிருந்தது. தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்று இரண்டு திங்களும் நிறையாத சார்சு என்ட்விசில் அது பற்றி விளக்க வந்தார். வினவியவர் அம்ஃபிரிசு, அஃதாவது, ஊழியர் தம் தலைவரை வினவினார். ஓரில்லத்தார் இருவர் என்னும் வகையில் இது 2003-ஐ ஒத்தது. ஆயின் இம்முறை வினவியவர் கேட்போனின் பக்கத்தே நின்றார். வினாக்கள் குறியன, அறியா வினாவின் எளிமை உடையன. படம் ஒளிபரப்பாவது முன்னரே தெரியுமா? பின்னர்ப் பார்த்தீரா? முதல்நாள் நாளிதழில் வந்த ஐயத்தைப் படித்தீரா? ஒருவரும் சொல்லவில்லையா? நீரும் கேட்கவில்லையா? இவற்றின் பொருட்டு என்ட்விசில் கூறிய விடைகள் பெரும்பாலும் மறை: தெரியாது, பார்க்கவில்லை, படிக்கவில்லை. அன்று மாலையே அவர் பதவி துறந்தார்.

இந்நேர்காணலில் வெளிப்பட்ட குற்றம் ஒன்றே. கேட்கவேண்டிய பொறுப்புடையார் கேளாதிருந்தார் என்பது அது. கேள் என்னும் சொல்லின் இருபொருளாலும் அவர் கேட்டிலர். செவிக்கு எட்டவும் இல்லை. வாயால் வினவவும் இல்லை. வினவுவோர் குரலை உயர்த்தாமலே இது புலனாயிற்று.

ஈண்டு ஒரு தடை எழும். நழுவி விடையிறுத்தார் பலர் பதவியில் நீடித்திருக்க, நேரே விடையிறுத்த ஒருவர் வீழ்ந்தார். இது நழுவுதலையே கற்பிக்காதோ என வினவலாம். தடை வலியுடையது. அவரை வீழ்த்தியது விடையன்று, விடை வெளிப்படுத்திய செயல் என்பது ஒரு மறுமொழி. அது மெய்யேயாயினும், அரசியலார் கற்ற பாடம் வேறு என்பதும் மறைத்தற்கில்லை. 2019 திசம்பர்த் தேர்தலுக்குப் பின்னர்ப் பல வாரங்கள் அரசு தன் அமைச்சர்களை 'டுடே' நிகழ்ச்சிக்கு அனுப்பாது தவிர்த்தது. 2020 மார்ச்சில், கொரோனாப் பெருந்தொற்றுப் பரவிய நிலையில், அமைச்சர்கள் மீண்டும் வந்தனர். வாராமையும் ஒரு விடையே; எட்டு வகைக்கும் அப்பாற்பட்ட ஒன்பதாவது. மக்களுக்கு அச்சம் மிக்க வேளையில் அவ்விடை செல்லாதாயிற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. வேலிக்கு அப்பால் நிற்பவன் செவி சாய்க்கும்போது பேசாதிருத்தல் ஆள்வார்க்கும் இயலாது.

7. முடிவு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. காலை வானொலி நேர்காணல் இருவர் பேச்சுப் போலத் தோன்றினும் மூவர் பேச்சு. மூன்றாமவனாகிய கேட்போனே அதன் பயனுக்கு உரியவன். விடையின் வகையை அவன் உணரச் செய்தலே வினாவின் தொழில். கடுமையும் மென்மையும் அத்தொழிலுக்குக் கருவிகள். குறிப்பு விடை கேட்போன்பால் நம்பிக்கை கொண்டு பிறக்கும். மறைப்பு விடை அவன்பால் நம்பிக்கையின்மையாற் பிறக்கும். இரண்டும் வடிவால் ஒன்றாதலின், பயன் கொண்டே பிரித்தறிதல் வேண்டும்.

வினாவும் விடையும் வழுவாது காத்தலைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்திலேயே வைத்தார். திணையும் பாலும் வழுவாது சொல்லும் நெறி கூறும் அவ்வியலில் வினாவிடைக்கு இடம் தந்தது, பிழைபட்ட விடையும் இலக்கணப் பிழையே எனக் கருதியமையால் என்க. நாம் தேர்வுக்குரிய சிறு பகுதியாக எண்ணிக் கடந்துபோகும் அந்நூற்பாக்கள், ஆள்வோர் சொல்லை மக்கள் அளந்தறிதற்கு உரிய கருவியாம். தமிழ் பயிலும் முதுகலை மாணவர் நாடோறும் ஒரு நேர்காணலைக் கேட்டு, விடை ஒவ்வொன்றன் பக்கத்தும் எட்டு வகையுள் ஒன்றன் பெயரைக் குறித்து வருவராயின், இலக்கணமும் விளங்கும், நாடும் விளங்கும்.